சுவர் முடியும் முனை

நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட இளையவர். ஒல்லியான ஆள், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கோட்டையூரில் பழைய செட்டியார் வீடு ஒன்றின் நீண்ட சுவர் முடியும் முனையில் தினமும் காரை நிறுத்தச் சொல்வார். கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்பார்.

“யாருமே வரலையே தம்பி” என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

“செவுத்துக்கு அங்குட்டு பாத்துட்டா சொல்றீக அக்கா?”

நான் வாய் திறப்பதற்குள் சுவரை ஒட்டி ஒரு சிறுமி சைக்கிளில் வந்து, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் குறுக்கே போனாள். பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வெட்டவெளி. ஆனாலும் அந்த முனையில் நான் நிற்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சுவரைத் தெரியாது.