தம்பி போட்ட வேலி

நானும் என் கணவரும் கம்பைநல்லூர் பக்கத்தில் விவசாய நிலங்களுக்கு வேலி போட்டுத் தரும் வேலையை எடுத்துச் செய்கிறோம். குழி எடுத்துக் கல் நடுவது, வலை இழுத்துக் கட்டுவது, கேட் மாட்டுவது எல்லாம் அவரும் நான்கு ஆட்களும். போனில் பேசுவதும் அளவு எடுப்பதும் சரக்குக்குச் சொல்வதும் என் பொறுப்பு. தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தவறு என்று சொல்ல என் கணவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்தார். காரிமங்கலம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். இப்போதைக்கு அங்கேயே ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார், நிலக்கடலை போட்டிருக்கிறார்கள், காட்டுப்பன்றித் தொல்லை. "மண் ரோட்டுக்கு இடது கைப் பக்கம்ங்க. மேட்டுல ஒரு வேப்பமரம் இருக்கும். நாலு மூலையிலயும் அளவுக்கல்லு இருக்குது" என்றார். போனில் லொகேஷனும் அனுப்பினார். அது எங்களைச் சரியாக அந்த மண் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. இடது பக்கம் நிலக்கடலை, வேப்பமரம், நான்கு மூலையிலும் கல். மறுநாள் காலையில் ஆட்களுடன் போய் வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

முதல் குழியைத் தோண்டும்போதே வரப்பு மேல் ஒரு பெண் வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் களைக்கொத்து.

"யாருங்க நீங்க? என் காட்டுல எதுக்குக் குழி எடுக்கறீங்க?"

குத்தகைக்காரர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பயிர் வைத்தவர்களுக்கு அது 'என் காடு'தானே.

"வேலி போடறதுக்கு வந்திருக்கறோம்ங்க அக்கா" என்றார் என் கணவர். "பெங்களூர்ல இருந்து சொன்னாங்க."

அந்த அக்கா அப்படியே நின்றார். "பெங்களூர்ல இருந்தா? யாரு, தம்பியா சொன்னான்?"

என் கணவருக்குத் தன்னைவிட ஒரு நாள் சின்னவராக இருந்தாலும் தம்பிதான். வங்கி மேனேஜரையே தம்பி என்று கூப்பிடுகிறவர். "ஆமாங்க அக்கா, தம்பிதான் போன் பண்ணுச்சு" என்றார்.

அந்த அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்கு நிறைய மோர் வந்தது. மதியம் களி உருண்டையும் கீரைக் கடைசலும் வந்தன. நாங்கள் சோறு கொண்டுபோயிருந்தோம். "அதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. என் காட்டுல வேலை செய்யறவங்க கட்டுச்சோறு திங்கறதா?" என்றார்.

மறுநாள் நான் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்.

"எங்கப்பா சாகறதுக்கு முன்னால இந்த ஒன்றரை ஏக்கரை எனக்கு எழுதி வெச்சிட்டாரும்மா. பெங்களூர்ல இருக்கற என் தம்பி அன்னிக்கு எங்கூடப் பேச்சை வுட்டவன்தான். என் புள்ளைக்குக் காதுகுத்து வெச்சேன், தாய்மாமன் வரல. வேற ஆளு மடியில உக்கார வெச்சுத்தான் குத்துனோம். மூணு வருசம் ஆச்சு." நட்டு முடித்திருந்த கற்களைப் பார்த்தார். "பன்னி வந்து காட்டை அழிக்குதுன்னு யாரோ அவன் காதுல போட்டிருக்காங்க. பேச வாய் வரல, வேலியை அனுப்பிட்டான். நான் இதெல்லாம் சொன்னேன்னு அவங்கிட்டச் சொல்லிடாதீங்க. கூச்சப்படுவான்."

போனில் பேசியவர் அக்காவுக்கு என்று சொல்லாமல், தான் வாங்கிய நிலம், குத்தகைக்கு விட்டது என்று சொன்னாரே, அந்த வீம்பை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது கணவரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "நாளைக்கு மூலைக்கல்லுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துடலாம். நல்லா நிக்கணும்" என்றார். பேசிய வேலையில் அது கிடையாது.

மூன்றாம் நாள் முக்கால்வாசி வலை கட்டியாகிவிட்டது. மதியம் அந்த அக்கா நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தார். வேப்பமர நிழலில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தபோது பெங்களூர்க்காரர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் வந்தார். இலையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினேன்.

"தம்பி, உங்கக்கா கோழி அடிச்சுக் குழம்பு வெச்சிருக்காங்க. நீங்க இருந்திருக்கணும்" என்றேன். அந்த அக்கா சொல்ல வேண்டாம் என்றிருந்தாரே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"எங்கக்காவா? எனக்கு அக்கா யாரும் இல்லைங்களே" என்றார் அவர். "கொஞ்சம் போனைத் திருப்பிக் காட்டுங்க." திருப்பினேன். "மேடம், இது எங்க நிலம் இல்லைங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியுது பாருங்க, அதுதான்."

அவர் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர். அவருடைய இடது கை அந்தப் பக்கம். நாங்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தோம். ரோட்டுக்கு அப்பாலும் நிலக்கடலை, அங்கேயும் ஒரு வேப்பமரம். மூன்று நாட்களாக அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறோம்.

திரும்பி வந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துக் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சொல்லவே முடியாது என்று தோன்றியது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த அக்கா கரண்டியைப் பிடித்தபடி கேட்டார். ஒரு ஆளின் இலையில் குழம்பு ஊற்றினார். அடுத்தவருக்கும் ஊற்றினார்.

"முதல்ல சாப்பிட்டு எந்திரிங்க" என்றார்.

யாருக்கும் இறங்கவில்லை. என் கணவர் கை கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். "எல்லாத்தையும் புடுங்கி எடுத்துக்கறோம் அக்கா. குழியை மூடிக் குடுத்துடறோம்."

"நீங்கதானே தம்பின்னு சொன்னீங்க?"

"நான் எல்லாரையும் தம்பின்னுதாங்க அக்கா சொல்லுவேன்."

அவர் என் கணவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இடுப்பிலிருந்து போனை எடுத்தார். ஒரு நம்பரைத் தேடி எடுத்து, காதில் வைத்தார்.

"நாந்தாண்டா... இல்லடா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம்... வழி தெரியாம ரெண்டு பேரு வந்து என் காட்டுக்கு வேலி போட்டுட்டாங்க. நீ அனுப்புனேன்னு நெனச்சு மூணு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டேன். நாளைக்கு எவனாச்சும் உனக்குப் போன் பண்ணிக் கேப்பான், அதான் சொல்லி வெக்கறேன்."

அந்தப் பக்கம் தம்பி ஏதோ சொன்னார். அந்த அக்கா 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார். "நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். வந்து பாரு, போதும்" என்று சொல்லி வைத்தார். எங்களைப் பார்த்து, "புடுங்க வேண்டாம். சரக்குக்கு ஆனதைக் கடலை வித்துத் தந்துடறேன்" என்றார். கூலியைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த வாயால் கேட்பது?

பெங்களூர்க்காரர் நல்ல மனிதர். கோபப்படாமல் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். அவருடைய நிலத்தில் நாங்கள் கல் நட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்த அக்காவின் தம்பி மனைவியோடு இறங்கினார். அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் காட்டுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு கல்லாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே வேலியை ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பட்ட என் கணவரிடம், "நல்லா நட்டிருக்கறீங்க. கேட்டு மட்டும் என் செலவு. பெரிசா போடுங்க" என்றார்.

அதற்குள் அக்காவும் காட்டுக்கு வந்துவிட்டார். கேட்டை எந்தப் பக்கம் திறக்கும்படி மாட்டுவது என்று நான் கேட்டேன். வெளிப்பக்கம் என்றார் தம்பி. உள்பக்கம் என்றார் அக்கா.

"உள்பக்கம் தொறந்தா ரெண்டு சால் பயிரு வீணாப் போவும். உனக்கு என்னா தெரியும்?"

"வெளிப்பக்கம் தொறந்தா ரோட்டுல போற வண்டி இடிச்சுட்டுப் போவும். இங்க பாடுபடறது நானா, நீயா?"

"அப்பா இருந்திருந்தா வெளிப்பக்கம்தான் வெச்சிருப்பாரு."

"அப்பா கேட்டே வெச்சிருக்க மாட்டாருடா. அவருக்கு ஏது காசு?"

வெயில் ஏறியது. இரண்டு பேரும் விடுவதாக இல்லை. தம்பி மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். என் கணவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, ஒரு வார்த்தைகூட விடாமல், ஏதோ பாட்டுக் கச்சேரி கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். போகலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

கேட் உள்பக்கம்தான் திறக்கிறது. இரண்டு சால் பயிர் வீணாகத்தான் போகிறது என்று அந்த அக்காவே பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார். தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றார்.