ஐந்தே பந்தில் முடிந்த ஓவர்

மூன்று வருஷத்துக்கு முன், பங்குனி மாதச் சனிக்கிழமை ஒன்றில், பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானத்தில் நடந்தது இது.

நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை நாள்களில் கிரிக்கெட் நடுவர். என்றாவது சர்வதேச ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்று இருபது வருஷ ஆசை. சிரிக்காதீர்கள்! அதற்கு முதல் படி மாநில நடுவர் பட்டியல். வயது வரம்பால் எனக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு. எனக்கு மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது ஆட்டம். கால் மரத்துப் போயிருந்தது. பந்தை எண்ண என்னிடம் ஆறு புளியங்கொட்டைகள் உண்டு. பந்துக்கு ஒன்றாக இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவேன். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது.

பத்தொன்பதாவது ஓவர் என்னுடையது. கடைசி ஓவரை எதிர்முனை நடுவர் பார்த்தார். இரண்டாவதாக மட்டை பிடித்த கூடங்குளம் பக்கத்து மீனவ ஊர் அணி ஒரே ரன்னில் தோற்றது. பார்வையாளர் வந்து கைகொடுத்து, நன்றாக நின்றதாகச் சொன்னார். வயிறு குளிர்ந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பையில் கைவிட்டால், ஐந்து கொட்டைதான் இருக்கிறது.

அந்த ஓவருக்கு முன் வியர்வை துடைக்க இடது பையிலிருந்து கைக்குட்டையை உருவியபோது ஒன்று கூடவே விழுந்திருக்கிறது. ஓடிப்போய் ஸ்கோர் நோட்டைப் பார்த்தேன். என் ஓவரில் ஐந்தே பந்து. பரபரப்பில் எழுதியவரும் கவனிக்கவில்லை, ஆடியவர்களும் கவனிக்கவில்லை. விதிப்படி நடுவர் எண்ணியதே செல்லும், முடிவு மாறாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டு வேனில் ஏறுவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பார்வையாளரிடம் சொன்னேன். அவர் என் மதிப்பெண் தாளைத் திருத்தினார். பிறகு தோற்ற அணியின் கேப்டனிடம் போய்ச் சொன்னேன்.

கத்துவான் என்று நின்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையச் சொன்னான்:

“பதினோரு பேரும் இன்னைக்குக் கடலுக்குப் போவல அண்ணாச்சி. அந்த ஒரு பந்து இருந்திருந்தா பாத்திருப்போம்லா.”

அவ்வளவுதான். வேனில் ஏறிவிட்டான்.

பட்டியலில் என் பெயர் வரவில்லை. இன்னும் நிற்கிறேன், முட்டி வலியோடு. ஓவருக்கு ஓவர் கொட்டைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொள்கிறேன். சர்வதேச ஆசையெல்லாம் அலுத்து அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய ஒரு பந்தை எந்த மைதானத்தில் போய்க் கொடுப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.