நூல் கோக்காத ஊசி

கம்பெனி கேட்டில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொல்ல, எழுந்து போனேன். சரஸ்வதியின் கொழுந்தன் குடியாத்தத்திலிருந்து வந்து நின்றான். "அண்ணி காலைல போய்ட்டாங்க" என்றான். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வாட்ச்மேன் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் வயதுக்காரி. எனக்கும் சேர்த்துப் பயப்பட ஒருத்தி இருந்தாள், இனி இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

அவளோடு வேலை செய்து, இன்று அவளுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவளுடைய பயம் தெரியும். இடி இடித்தால் மெஷினைத் தொடமாட்டாள். மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டாலே தண்ணீர் குடிப்பாள். நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! அவளும் கூடவே சிரிப்பாள், ஆனால் பயப்படுவதை நிறுத்தமாட்டாள்.

எங்கள் வேலை பஞ்சிங். வந்த படத்தைப் பல மடங்கு பெரிதாக வரைந்து, ஊசி எங்கெங்கே இறங்க வேண்டுமோ அங்கெல்லாம் புள்ளி வைப்போம். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் பஞ்சிங் மெஷினின் முள்ளை நிறுத்திப் பட்டனை அழுத்துவோம். காகித டேப்பில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைப் படித்துத்தான் எம்பிராய்டரி மெஷின் தைக்கும். இதையெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டர் செய்யுமாம். செய்யட்டும். ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று அதற்கும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

மெஷின் வந்த புதிதில், பெண்கள் ஷூவின் மேல்தோலில் ஒரு பூ தைக்கும் ஆர்டர் வந்தது. டேப் சரஸ்வதி போட்டது. அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். லுங்கியில் நூல் விலகி இடைவெளி தெரிந்தால் கழிவு என்று கேட்டே வளர்ந்தவள். அதனால் பூவின் இதழ்களில் எள் விழ இடமில்லாமல் புள்ளி வைத்திருந்தாள். துணியில் ஓட்டிப் பார்த்தோம், பூ பளபளவென்று வந்தது. சூப்பர்வைசர் காதர் பாய்க்கு ஒரே சந்தோஷம். உடனே தோலை ஏற்றச் சொன்னார். எல்லா ஊசிகளும் ஒன்றாக இறங்கத் தொடங்கின.

முதல் வரிசைத் தோல்கள் தைத்து முடிந்ததும் சரஸ்வதி ஒரு துண்டை எடுத்தாள். வழக்கம்போல அவள் முகத்தில் பயம். ஷூ நடக்கும்போது மடங்குவதுபோல அதைக் கட்டைவிரலில் வைத்து மடக்கினாள். இதழ் ஓரத்தோடு கிழிந்து தனியாகக் கையில் வந்தது. அதற்குள் அடுத்த வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? நல்லாத்தானே ஓடுது?" என்று கத்தினார் காதர் பாய்.

"தோல் கிழியுது பாய். ஓட்டை ஜாஸ்தி. துணின்னா ஊசி போன எடம் மூடிக்கும், தோல்ல போனா போனதுதான்."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "யார் போட்ட டேப்பு?" என்றார். அவளுடைய புருஷனின் தறி அப்போது நூல் கிடைக்காமல் நின்றுபோயிருந்தது. இவள் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடலாமா என்று என் கை துடித்தது. அவளோ வெளுத்துப்போன முகத்தோடு, "என்னுது சார். தப்பு என்னுது" என்றாள். மேனேஜர் கிழிந்த இதழையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத்த லாட்டும் போயிருக்கும்" என்றார். பிறகு, "மறுபடி போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சரஸ்வதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு வந்ததுதான் நம் செக்‌ஷனின் பழக்கம். புது டேப்பை முதலில் நூல் கோக்காத ஊசியோடு கழிவுத் தோலில் ஓட்ட வேண்டும். அந்தத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "பயம் வர்ற எடத்துல ஒரு புள்ளிய எடு" என்பாள் சரஸ்வதி. எடுத்தால் சரியாகத்தான் இருக்கும்.

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் அவளைப் பார்த்தேன். அருகில் போய், "பயப்படாதே" என்றேன். நோயாளியிடம் வேறு என்ன சொல்வது?

"நீயுமா கிரேசு? எல்லாரும் அதையே சொல்லிட்டுப் போறாங்க" என்றாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ கொஞ்ச நேரம் என்கூட உக்காந்து பயப்படேன்."

உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுங்கியது அவள் கையா, என் கையா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து கூப்பிடும்வரை கையை விடவில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது அவள் முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

நாளைக்குப் புது டிசைன் வருகிறது. பக்கத்து நாற்காலியில் அவள் இருக்கமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமில்லை. சரஸ்வதியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.