கேமராவுக்கும் சூரியனுக்கும் நடுவே

கேமராவையும் தொலைநோக்கியையும் இணைப்பது சம்பந்தம் பேசுவதைப் போன்றது. இரு தரப்பும் தத்தம் அளவில் உயர்ந்தவைதான். ஆனால் ஒன்றின் வாய் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

என்னிடம் இருந்த தொலைநோக்கி, வீட்டைக் காலி செய்த ஒரு பேராசிரியர் விட்டுச்சென்றது. கேமரா என் சித்தி மகனுடையது. திருவண்ணாமலையில் கல்யாணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன் அவன். கேமராவின் வில்லையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் வளையத்தை இணையத்தில் வாங்கிவிட்டேன். ஆனால் வளையத்தையும் தொலைநோக்கியின் பின்வாயையும் சேர்க்க நடுவே ஒரு குழாய் வேண்டும். ஒரு முனையில் திருகுவதற்கு மரை, மறுமுனையில் வழவழப்பு. நீளமும் சரியாக இருக்க வேண்டும். இல்லையேல் படம் தெளியவே தெளியாது. கடையில் கிடைத்தவை எதுவும் அந்தப் பழைய வாய்க்குச் சேரவில்லை.

இத்தனை பாடும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்காக. சூரியனின் மேல் தோன்றும் கரும்புள்ளிகளை நானே படம் எடுத்துத் தருவதாகத் தலைமையாசிரியைக்கு வாக்களித்திருந்தேன். தங்கள் ஊர் வானத்தில் எடுத்த படம் என்றால் பிள்ளைகள் அதை நம்பி நோட்டில் எழுதிக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

வேங்கிக்கால் சாலையில் இருந்த லேத் பட்டறைக்குப் போனேன்.

"இன்னாம்மா இது, மோட்டார் சாமானா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லண்ணா. சூரியனைப் படம் எடுக்க."

"அது தெனமும்தான் வருது. புதுசா இன்னா படம்?"

நீளத்தைக் கணக்கிட்டு எழுதியிருந்த தாளை நீட்டினேன். அதை மரியாதையோடு மடித்து என்னிடமே கொடுத்தார். "கொஞ்சம் ஜாஸ்தியா விடறேம்மா. ஜாஸ்தியா இருந்தா கடைஞ்சிக்கலாம். கம்மியா இருந்தா இழுக்கவா முடியும்?" பின்னர் மாட்டிப் பார்த்தபோது என் கணக்கு குறைவாக இருந்தது, அவர் விட்ட மிச்சம்தான் காப்பாற்றியது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். முடிந்த எந்தச் சாமானுக்கும் திருவண்ணாமலைப் பெரிய கோயில் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்ட பிறகே வெளியே அனுப்புவார். என் குழாயின் மரை முனையிலும் போட்டார்.

"மொட்டையா அனுப்பறதில்லம்மா."

அதைத் துடைப்பதா, விடுவதா? ஆட்டோவில் வீடு சேரும்வரை ஆராய்ந்தேன். துடைத்தால் ஓர் உழைப்பாளியின் ஆசியை அவமதித்ததாகும். அறிவியல் மனப்பான்மையை நிறுவ, பிறர் நம்பிக்கையை அழித்துக் காட்ட வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்குப் பெருமிதம்கூட இருந்தது. விபூதி காய்ந்தால் உதிரும் என்பது மட்டும் என் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டியைப் பொருத்தினேன். குழாயை வளையத்தில் திருகியபோது நறநறவென்றது.

"அக்கா, பாத்து. இது என் சோறு," என்றான் கேமராவோடு வந்திருந்த தம்பி.

"புது மரை, அப்படித்தான் இருக்கும்."

சூரியன் திரையில் தெளிந்தது. ஓரமாக ஒரே ஒரு புள்ளி. நடுவில் கருமை, சுற்றிலும் மங்கல். புத்தகத்தில் படித்தபடியே இருந்தது. நண்பகலுக்குள் படத்தை அனுப்பிவிட்டேன். மாலைக்குள் தலைமையாசிரியை அதை ஆளுயர ஃப்ளெக்ஸாக அடித்துவிட்டார். அம்புக்குறி போட்டு, 'சூரியப் புள்ளி – பூமியைவிடப் பெரியது' என்று நான் தந்த வாசகமும் அதில் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய நாள் தம்பி, அந்த வாரம் எடுத்த கல்யாணப் படங்களை மடிக்கணினியில் கொண்டுவந்தான்.

"மாப்பிள்ளையோட அம்மா கன்னத்தைப் பாருக்கா."

"மரு."

"அடுத்த போட்டோல அந்தம்மா இல்ல. மரு மாலைல இருக்கு. இதுல மலை மேல நிக்கிது."

சூரியனின் படத்தைப் பக்கத்தில் திறந்தான். அதே இடம், அதே மங்கல். கேமராவின் வாயைத் திறந்து காற்றுப் பந்தால் ஊதினான். வெள்ளைத் துகள் ஒன்று அவன் கருப்புச் சட்டையில் வந்து அமர்ந்தது.

"பூமியைவிடப் பெரிசுன்னியே, வந்துடுச்சு பாரு."

விரலில் ஒற்றிப் பார்த்தேன். விபூதி.

"விடுக்கா, யாருக்குத் தெரியும்? நான்தான் உக்காந்து அந்தம்மா கன்னத்தைத் துடைக்கணும்."

சொன்னால் விருந்தினர் முன் தலைமையாசிரியைக்குத் தலைகுனிவு. பட்டறைக்காரரின் விபூதியும் கேலிக்குள்ளாகும். சொல்லாவிட்டால், என் வார்த்தையை நம்பி ஒரு பள்ளியே பொய்யை நோட்டில் எழுதிவைக்கும். காலையில் முதல் பேருந்தில் ஏறிப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"கட்டியாச்சேம்மா," என்றார் தலைமையாசிரியை, வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸைப் பார்த்தபடி. "அவுக்க வேணாம். பக்கத்துல நின்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா நான் தப்பு பண்ணேன்னு பசங்க நினைக்குங்க."

நின்றேன். அதே கேமராவில் எடுத்த மலையின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால், அது வானத்தில் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

"உள்ள இருந்தது இன்னாம்மா?" என்று ஒரு தாய் கேட்டார்.

"விபூதிங்க."

"எந்தக் கோயிலு?"

"பெரிய கோயில்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் பொங்கிக்கொண்டிருந்த எரிமலையைப் பார்க்க ஆளில்லை. இப்படி ஒரு விளைவை நான் எடைபோடவே இல்லை. தலைமையாசிரியை தூரத்திலிருந்து கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டை நீட்டினாள். "மிஸ், சூரியப் புள்ளினு எழுதிட்டேன். அடிச்சிட்டு இன்னா எழுதறது?"

"தூசின்னு எழுது."

"எங்கம்மா இப்பதான் கும்பிட்டுட்டுப் போச்சு. விபூதியைத் தூசின்னு எழுதனா திட்டும்."

"கேமராக்குள்ள போனா எதுவா இருந்தாலும் தூசிதாம்மா."

அவள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்கேலை வைத்து, 'பூமியைவிடப் பெரியது' என்பதையும் சேர்த்து நேர்கோடாக அடித்தாள். பேனாவைக் கடித்தாள். பிறகு 'இது சூரியனில் இல்லை, கேமராவுக்குள் விழுந்தது' என்று எழுதிக் காட்டினாள்.

"போதுமா மிஸ்?"

"போதும்," என்றேன்.