காலாவதிப் பெட்டி

ராஜபாளையத்தில் அந்த மருந்துக்கடை என்றாலே தேவஇரக்கம் அண்ணாச்சிதான். எழுதிய டாக்டருக்கே புரியாத கையெழுத்தையும் அவர் படித்துவிடுவார். செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் முதலாளி காமராஜிடம் சீட்டை நீட்ட மாட்டார்கள். அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வரட்டும் என்று நிற்பார்கள். முப்பத்தாறு வருஷம் இப்படித்தான் போனது.

போன தையில் மதுரையில் அவருக்கு பைபாஸ் செய்தார்கள். இதயம் சொன்னபடி கேட்டது, புத்திதான் காலை வாரிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் கடைக்கு வந்த முதல் நாளே, சர்க்கரை மாத்திரை கேட்டவருக்கு பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். காமராஜ் பின்னாலேயே ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சிக்குப் பின்பக்க அறையில் வேலை. காலாவதியான மாத்திரை அட்டைகளை மாதவாரியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து வந்து பார்த்தால் பெட்டி கலைந்து கிடக்கும். நேற்று பிரிக்கவே இல்லையோ என்று தலையில் அடித்துக்கொள்வார். வீட்டில் மனைவி ரோசம்மாளிடம் சொல்லி அழுதுகூட விட்டார். "போகப் போகச் சரியாயிரும்" என்று அவள் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள்.

ஒரு நாள் சந்தேகம் தட்டியது. பிரித்த அட்டை ஒவ்வொன்றிலும் பேனாவால் சின்னச் சிலுவை போட்டு வைத்தார். மறுநாள் கலைந்து கிடந்த அத்தனை அட்டையிலும் சிலுவை இருந்தது.

அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் காமராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வீட்டு அக்காதான் வந்து கேட்டாவ, அண்ணாச்சி. சும்மா இருந்தா அவிய மனசு ஒடிஞ்சிரும், ஆபத்தில்லாத வேலையாக் குடுங்கன்னாவ. இருக்கது அந்த ஒரு பெட்டிதான். கடை அடைக்கையில நாந்தான் கலைச்சுப் போட்டேன், அக்காவுக்கும் தெரியும்."

நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றார்கள். ஆனால் அண்ணாச்சி அன்று பெட்டியைத் தொடாமலே வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

வீட்டில் கேட்டபோது ரோசம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "ஆபரேசன் பண்ணுனா உடம்புக்குள்ள அழற்சி வரும், அது மூளையையும் தொடலாம், சிலருக்கு ஞாபகம் தடுமாறும்னு டாக்டர் முன்னாலேயே என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீய. எனக்கு நீங்க உசுரோட வேணும்."

"அது கிடக்கட்டும். மறந்துட்டேன்னு நான் அழுதேன்ல, ரோசு. நீங்க மறக்கலன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"



மறுநாள் காலை வழக்கம்போல மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கொடுத்த எதையும் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டவர் அவர். இன்று அட்டைகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகே விழுங்கினார்.