வெள்ளரிக்காயை இடம் மாற்றிய இங்கேலா

இங்கேலாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதாகப் பேருந்து ஓட்டுநர் சொன்னாராம். பக்கத்து வீட்டு ஹோக்கான் வேலி ஓரமாக வந்து என்னிடம் சொன்னார். "வெள்ளரிக்காயக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டிக்கிட்ட வச்சிருக்காளாம். கொத்துக்கறி வாசல்ல. பாவம், வயசாகுதுல்ல." எங்கள் ஊரில் இருப்பது அவளுடைய மளிகைக்கடை ஒன்றுதான். அது மூடினால் பாலுக்குக்கூடப் பனியில் பேருந்துக்கு நிற்க வேண்டும்.

நான் போனபோது அவள் கவிழ்த்த பால்கூடையின் மேல் ஏறிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் பென்சில். கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்பு. இங்கேலா வாய் திறந்து "ஆமாம்" சொல்வதில்லை. இந்த வடக்குச் சீமையின் வழக்கப்படி 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பாள். தெற்கிலிருந்து வந்த ஒருவர் நெஞ்சுவலி என்று நினைத்து அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அவள் அதையும் மரியாதையாகக் குடித்தாள்.

அவளுடைய தலைவலி வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் டாக்கோ சாப்பிடும். மொறுமொறு சோள ஓட்டுக்குள் கொத்துக்கறி, சீஸ், வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் திணித்துக் கடிக்காவிட்டால் பிள்ளைகள் வாரம் முடிந்ததாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆகவே வேலை விட்டதும் எல்லோரும் ஒரே சாமானுக்கு ஓடி வருவார்கள். கடையோ நடுவில் ஓர் அடுக்கு, இருபுறமும் இரண்டு சந்து. பனி மேலங்கியில் ஒவ்வொருவரும் ஒன்றரை ஆள் பருமன்.

"எல்லாத்தையும் ஒரே அடுக்குல வைங்க, சட்டுனு எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று, கடைக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளின் ஆலோசகர் யோவாக்கிம் முன்பு யோசனை சொல்லியிருந்தார். அடுத்த வெள்ளியன்று ஊரே அந்த ஓர் அடுக்கின் முன் நின்றது. வயதான மேர்த்தா, தான் பிடித்து நடக்கும் நடைவண்டியோடு நடுவில் சிக்கி, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் தவித்தாள். தீயணைப்பு அதிகாரி ஃப்ரெட்ரிக் வந்தார். இன்னொரு முறை இப்படி வழி அடைத்தால் இரண்டாவது கதவு போடும்வரை கடையைப் பூட்ட வேண்டும் என்றார். இரண்டாவது கதவு போட இடமில்லை; பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வீடு.

"கூட்டம் வர்றவனால இல்ல, திரும்புறவனால" என்றாள் இங்கேலா, கூடையின் மேலிருந்தே. "சீஸ எடுத்துட்டு நேரா போவான். அப்புறம், அடடா, கொத்துக்கறின்னு திரும்புவான் பாரு. பின்னாடி வர்ற பத்துப் பேர் மேல இடிப்பான்."

"அதுக்கு?"

"டாக்கோ செய்யுற வரிசையிலயே வச்சுட்டேன். முதல்ல கறி, அப்புறம் மசாலாப் பொட்டலம், ஓடு, சீஸ். கடைசியா வெள்ளரிக்கா. கை சமைக்கிற மாதிரி கால் நடக்கும். எவனும் மறக்கமாட்டான்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஃப்ரெட்ரிக்கும் வந்தார், தலைகளை எண்ணுவதற்கு. வாசலில் நின்றவரைப் பின்னால் வந்தவர்கள் மெல்ல உள்ளே நகர்த்தினார்கள். இடப்பக்கச் சந்தில் நுழைந்து, கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல் நடு அடுக்கைச் சுற்றி, வலப்பக்கமாகக் கல்லாவுக்கு வந்து சேர்ந்தார். முன்னால் மேர்த்தா, யார் மேலும் உரசாமல், நடைவண்டியில் பையை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"கூட்டம் எங்க?" என்று கேட்டார் ஃப்ரெட்ரிக்.

"வீட்டுல. சாப்பிட்டுட்டு இருக்கும்."

"நான் இன்னும் எண்ணவே இல்லையே."

"இன்னொரு சுத்து வா. இந்தத் தடவை எதையும் எடுக்காம வா."

அவர் தன் கையைப் பார்த்தார். கறி, மசாலா, ஓடு, சீஸ், வெள்ளரிக்காய், ஒன்றும் விடுபடவில்லை. காது மடல் சிவக்கப் பணத்தைக் கட்டினார். "கதவு வேண்டாம்னு எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேலாவின் மேலங்கிப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள்: யோவாக்கிம். இன்னொரு யோசனையாக இருக்கும். அதைக் கல்லாமேல் வைத்தாள்.

"எடுக்கலையா?" என்றார் பணம் கட்ட நின்ற ஹோக்கான். "மறந்துட்டியா, எப்படி எடுக்கிறதுன்னு?"

"சும்மா இரு. கால் கடுக்குது."

அடுக்கின் ஓரத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மாலை, கடை திறந்திருக்கும்போதே, காலியாகக் கிடந்த சந்தின் குறுக்கே இரண்டு கால்களையும் நன்றாக நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.