மெழுகுத்துணிக்குள் புளியோதரை

மைசூர் தசராவைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். என் மூக்கில் இன்றும் நிற்பது மழையில் கரைந்த குதிரை லத்தியின் நாற்றம்தான். மகாராஜா காலத்து விஜயதசமி ஒன்றில், தசரா ஊர்வலம் போய்ச் சேரும் பன்னிமண்டப மைதானத்தில், கணுக்கால் அளவு அந்தச் சேற்றில் நின்றுகொண்டு வாணவேடிக்கையைப் படம் பிடிக்கப் பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

படம் கேட்டவள் என் அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். எங்களுடையது ஆசாரமான ஐயங்கார் வீடு. அவள் திருவிழாக் கூட்டத்தில் தலைகாட்டக் கூடாது என்பதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை, அது தானாகவே முடிவாகியிருந்தது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு வாணத்துக்கும் கைதட்டியவள் அவள். அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் புளியோதரை கிளறி, பித்தளைத் தூக்கில் நிரப்பி வைத்துவிட்டு, என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு பிடிச்சுண்டு வாடா. பெரிசா விரியறது ஒண்ணு. பொட்டிக்குள்ள வெச்சுண்டு நானே பாத்துக்கறேன்."

என்னிடம் இருந்தது பழைய கேமரா. துருத்தி மாதிரி மடங்கும் தோல் உடம்பு, அதற்கு ஒரு தோல் பை, மூன்று கால் மர ஸ்டாண்டு. படம் விழுகிற கண்ணாடித் தகடு இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே சித்தப்பா முழுங்கிவிட்டார். புதுச் சரிகைப் பேட்டாத் தலைப்பாகையோடு தன்னை எடுத்தே ஆகவேண்டும் என்று வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். நான் எடுக்கிற சமயம் பார்த்துத் தும்மியும் வைத்தார்.

அம்மா, அப்பா, சித்தப்பா, நான் நாலு பேரும் ஜட்காவை விட்டு இறங்கி மைதானத்தில் இடம் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலை இல்லை. கேமராவுக்கென்றே ஒரு மெழுகுத்துணி கொண்டுவந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா அதை எடுத்துத் தூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். துணி பெரிசுதானே, இரண்டையும் சேர்த்து மூடலாமே என்றேன்.

"தோலையும் சாதத்தையும் ஒண்ணா வெப்பாளாடா யாராவது? மடி என்னத்துக்கு ஆறது?"

கேட்டீர்களா? நின்றது லத்திச் சேற்றில். சித்தப்பா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கத்திலேயே வெற்றிலையைத் துப்பிக்கொண்டிருந்தார். இதிலெல்லாம் கெடாத மடி என் தோல் பையில் கெட்டுவிடுமாம். அப்பாவைப் பார்த்தேன். அவர் குடைக்குள் இருந்தபடியே, அம்மா சொல்கிறபடி செய் என்றார். அந்தத் துணியை நான் பிடுங்கியிருக்கலாம். அக்காவுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, என் கோட்டைக் கழற்றிக் கேமரா மேல் போட்டேன். அது பத்து நிமிஷத்தில் தொப்பலாக நனைந்துவிட்டது.

தீவட்டி அணிவகுப்பு முடிந்து வாணம் விட ஆரம்பித்தார்கள். பாதி நமுத்துப்போய்ப் புஸ்ஸென்று அணைந்தது. பிறகு ஒன்று மேலே போய், சிவப்பும் பச்சையுமாக வானம் முழுக்க விரிந்தது. கூட்டமே ஓவென்று கத்தியது. அக்கா கேட்டது அதுதான். தகட்டை மறைத்திருந்த மூடியை இழுத்தேன். மரச்சட்டம் தண்ணீரில் ஊறி, மூடி இறுகிக்கொண்டு அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்து அது வெளியே வந்தபோது மேலே வெறும் புகை. அதற்கப்புறம் அத்தனை பெரிய வாணம் வரவே இல்லை.

அம்மா மெழுகுத்துணியை அவிழ்த்தாள். தூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். எள்ளும் வறுத்த கடலையும் மணக்க மணக்க, அப்பாவின் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நானும் சாப்பிட்டேன். தீர்ந்ததும் தொன்னையை நீட்டி இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் ஸ்நான அறையை இருட்டாக்கித் தகட்டைக் கழுவினேன். பூச்சு பாதி உரிந்து வந்தது. மிச்ச இடத்தில் தண்ணீர்க் கறை. தூக்கி எறிந்திருப்பேன், அதற்குள் அக்கா வந்து நின்றாள். ஓரத்தைப் பிடித்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இப்படித் திருப்பிப் பார்த்தாள், அப்படித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் துடைத்து என் கையிலேயே கொடுத்தாள்.

"அவ்வளவு மழையாமே. புளியோதரை நனையாம இருந்துதோ?"

நனையவில்லை, ரொம்ப நன்றாக இருந்தது, நான் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன் என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. த்தூ, நானும் ஒரு தம்பி.